மர்ளியாவின் முகம்

மர்ளியா மௌத்தாகிவிட்டாள் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது நான் குசினியில் ஓரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். சாவு அறிவிப்பைக் கேட்டால் ‘இன்னாலில்லாஹி’ என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் தில்லையடியில் நடை பழகும் பிள்ளைக்கும் அது தெரியும். என் வாயில் வந்தது ‘அல்ஹம்துலில்லாஹ்’. தவறிப்போய் வரவில்லை. மனசறிந்து, ருசித்துச் சொன்னேன்.

கூடத்தில் இருந்த என் மகள் அப்ராவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அன்று சனிக்கிழமையானதால் வீட்டில் இருந்தாள்.

“உம்மா! மௌத்தான ஆளப் பத்திக் கதைக்கிற கதையா இது?”

“அல்லாஹ்வப் புகழ்ந்தன். அதுவும் குத்தமா?”

“எதுக்குப் புகழ்ந்தீங்க எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும்.”

“தெரியட்டும். அவனுக்குத் தெரியாம நான் ஒண்டும் சொல்லல்ல.”

நான் ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்ராவுக்கு மதுரங்குளியில் ஒரு கலியாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை பெயர் ஆகிப். நல்ல பொடியன், பார்த்தவுடன் எனக்கே பிடித்துவிட்டது. அவனுடைய உம்மா சித்தி லெய்லா வந்து என் மகளின் கையில் வளையல் போட்டுவிட்டுப் போனாள். காவின் எழுத, அதாவது கலியாணம் பதிய, நாளும் குறித்தாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்து, யன்னலுக்குப் புதுச் சீலை போட்டு, நாங்கள் பூரித்துப்போய் இருந்த நேரம், இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த மர்ளியா பஸ் ஏறி மதுரங்குளிக்குப் போனாள். போய் சித்தி லெய்லாவின் காதில் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: “அப்ராவ ஒரு பொடியனோட மோட்டார் சைக்கிள்ல கண்டன்.” ஆகிபைத் தன் தங்கைக்கு எடுக்க வேண்டுமென்று மர்ளியாவுக்கு ஆசை.

மோட்டார் சைக்கிள் உண்மைதான். ஓட்டியது அப்ராவின் வாப்பா. உப்பளத்தில் வேலை முடித்து வந்த மனுசன், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மகளை ஏற்றிக்கொண்டு பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார். அது வாப்பாதான் என்று மர்ளியாவுக்கு நன்றாகத் தெரியும். சந்தியில் நின்று அவருக்கு ஸலாம் சொன்னவளே அவள்தான்!

நாங்கள் மதுரங்குளிக்கு ஓடிப்போய்ச் சத்தியம் பண்ணினோம். சித்தி லெய்லா கதிரையை விட்டு எழும்பவில்லை. “வாப்பாவாவும் இருக்கலாம். ஆனா கெட்ட பேர் வந்திட்டே,” என்றாள். அவ்வளவுதான். வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதன்பிறகு என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரையும் யாரோ ஒருவர் சந்தியில் வைத்தே திருப்பி அனுப்பினார். அவளுடைய வாப்பா எங்கள் பள்ளிக்கு ஜும்ஆவுக்குப் போவதையே விட்டுவிட்டார். தெரிந்த முகம் ஒன்றும் பார்க்கக்கூடாது என்று டவுன் பள்ளிக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்று தொழுதார். அந்த வருஷம் முடியமுன்னமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். ஆகிப் மர்ளியாவின் தங்கையையும் எடுக்கவில்லை, வேறெங்கோ கட்டிக்கொண்டான். ஒருத்திக்கும் பிரயோசனமில்லாத ஒரு பொய் என் வீட்டைத் தின்றுவிட்டுப் போனது.

சில வருஷம் கழித்து மர்ளியா மக்காவுக்கு உம்ரா செய்யப் புறப்பட்டாள். போகமுன் ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள். என் வாசலுக்கும் வந்தாள். அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான் மன்னிக்கும்வரை அல்லாஹ்வும் மன்னிக்க மாட்டான் என்று மௌலவிமார் பயானில் சொல்வதை அவளும்தானே கேட்டிருப்பாள். அதனால்தான் வந்தாள், என் மேல் இரக்கப்பட்டு வரவில்லை. அப்ரா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, “நான் எப்பவோ மன்னிச்சிட்டன்” என்று சொல்லிவிட்டாள். அது வாப்பாவின் குணம். என்னிடம் அந்தக் குணம் இல்லை, வேண்டவும் வேண்டாம்.

நான் கதவடியில் நின்று சொன்னேன்: “அவட பங்க அவ குடுத்திட்டா. என்ட பங்கு என்ட கையில இருக்கு. மஹ்ஷர்ல எல்லாரையும் எழுப்பி நிப்பாட்டுவான்தானே, அங்க வந்து கேளு. அப்பவும் குடுக்க மாட்டன்.”

மர்ளியா அழுதுகொண்டே போனாள். எனக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மஹல்லாவில் பெண்கள் மௌத்தானால் மையித்தைக் குளிப்பாட்டுவது நான்தான். கூப்பிடுகிறார்கள், போகிறேன், கை பழகிவிட்டது. குளிப்பாட்டி முடித்து வெளியே வந்தால் கூடியிருக்கும் பெண்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: “முகம் எப்படி இருந்துச்சு?” முகம் வெளிச்சமாக இருந்தால் அல்லாஹ் அவளைப் பொருந்திக்கொண்டான் என்று அர்த்தம். கறுத்திருந்தால் அந்த வீட்டின் பேர் கெட்டது கெட்டதுதான். மையித்தில் காணும் குறையை மறைக்க வேண்டும் என்பது மார்க்கம். ஆகவே நல்லதைக் கண்டால் சொல்வேன், மற்றதைக் கண்டால் “துஆச் செய்யுங்க” என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். இதுவரை எந்த மையித்தைப் பற்றியும் என் வாயிலிருந்து ஒரு கெட்ட சொல் வந்ததில்லை. அதனால்தான் நான் ஒன்று சொன்னால் ஊர் மறுபேச்சில்லாமல் நம்பும்.

மீனைக் கழுவிச் சட்டியில் போடுவதற்குள் மர்ளியாவின் தம்பி பாயிஸ் வாசலில் வந்து நின்றான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. எங்கள் ஊரில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவனுக்கு நானும் தாத்தா.

“குல்சூம் தாத்தா, உங்களத்தான் கூப்பிட வந்தன். மர்ளியா தாத்தா கடைசியா வசிய்யத்துச் சொல்லிட்டுப் போயிருக்கா. அவவ நீங்கதான் குளிப்பாட்டணுமாம்.”

“ஆரு, நானா? நோவில பிதற்றியிருப்பா.”

“இல்ல தாத்தா, நல்ல நினைவோடதான் சொன்னா. அதுக்குப் பொறவு மொகத்தையும் ஒருத்தருக்கும் காட்டப்படாதாம். நீங்க பாத்தாப் போதுமாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளி! செத்தும் தந்திரம் விடவில்லை பாருங்கள். என் கையால் தண்ணீர் ஊற்றவைத்துவிட்டால் நான் மன்னித்துவிட்டேன் என்று ஊர் நினைக்கும், ஊர் நினைத்தால் அல்லாஹ்வும் நினைப்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

“வாறன்,” என்றேன். “நீ போ, இந்தா பின்னால வாறன்.”

பாயிஸ் ‘ஜஸாகல்லாஹ்’ என்று நன்றி சொல்லி விம்மினான். நான் எதற்காக வருகிறேன் என்று தெரிந்திருந்தால் அவன் விம்மியிருக்க மாட்டான். அவளுடைய முகம் கறுத்துக் கிடப்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். அல்லாஹ் என் பக்கம் என்பதற்கு எனக்கு ஒரு சாட்சி வேண்டும். அதற்காகவே போனேன்.

அப்ராவும் யாஸீன் கிதாபை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். “உம்மா, நல்ல நிய்யத்தோட போங்க,” என்றாள்.

“என்ட நிய்யத்த நான் பாத்துக்கிறன். நீ செருப்பப் போடு.”

மர்ளியாவின் வீட்டு முற்றத்தில் ஆண்களும் கூடத்தில் பெண்களுமாகச் சனம் நிறைந்திருந்தது. உள்ளே கால் வைத்ததும் நான் பார்த்த முதல் ஆள் சித்தி லெய்லா. அதே சித்தி லெய்லாதான், மதுரங்குளிக்காரி. அலுமாரிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுச் சாய்ந்திருந்தாள். அவளுடைய இளைய மகன் ஃபாஹிமுக்கு மர்ளியாவின் மகள் றிஸ்லாவைப் பேசி முடித்திருந்தார்கள், அடுத்த மாதம் காவின். தன் குடும்ப மானத்தைக் காப்பாற்றியவள் என்று சித்தி லெய்லாவுக்கு மர்ளியா மேல் அத்தனை பிரியம், அதில் வந்த சம்பந்தம் அது.

அப்ரா அவளுக்கும் ஸலாம் சொன்னாள். சித்தி லெய்லா வாய்க்குள் எதையோ முனகிவிட்டு முக்காட்டைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது விளங்கியது. முகத்தை யாருக்கும் காட்டப் போவதில்லை. மர்ளியாவின் மகள் பக்கத்தில் நின்று பார்த்தாலும் மகளின் சொல்லை யார் எடுப்பார்கள்? என் சொல்தான் கடைசிச் சொல். முகம் கறுத்திருந்தது என்று இந்தச் சித்தி லெய்லாவின் காதில் நான் ஒரு வசனம் சொன்னால் போதும், றிஸ்லாவின் கலியாணம் நின்றுவிடும். அதே ஊர், அதே வீடு, அதே காது. இதைவிட நேரான பழி ஒன்றை நான் வருஷக்கணக்காக உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். மர்ளியா அதைத் தன் கையாலேயே எடுத்து என்னிடம் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். என் நெஞ்சு குளிர்ந்தது.

கிணற்றடியில் சீலை கட்டி மறைத்து, பலகையில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். இலந்தை இலை கசக்கிய தண்ணீரும் கற்பூரமும் ஆயத்தமாக இருந்தன. தண்ணீர் ஊற்ற றிஸ்லா நின்றாள். வேறு யாரும் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பிஸ்மி சொல்லி முகத்துச் சீலையை எடுத்தேன்.

கறுப்பில்லை. ஓர் இடத்திலும் கறுப்பில்லை. புற்றுநோய் சதை முழுவதையும் கொண்டுபோயிருந்தது, கன்னத்து எலும்பு தெரிந்தது. ஆனால் அந்த முகம்! நல்ல செய்தி ஒன்றைக் கேட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவளின் முகம். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. நடுச்சாமத்துத் தஹஜ்ஜுத் தொழுகை தவறாத பெண்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன், வாழ்நாள் முழுக்க ஒருத்தர் மனசையும் நோகடிக்காத பெண்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். இப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதே இல்லை. என் மனுசன் போகும்போது அவருடைய நெற்றியில் கவலைதான் சுருண்டு கிடந்தது. ஒரு பாவமும் அறியாத மனுசன் அவர்.

யா அல்லாஹ், இது என்ன நியாயம்? நான் கொடுக்காததை நீ எப்படிக் கொடுத்தாய்? என் பங்கு இந்தா என் கைக்குள் இருக்கிறது, நான் இன்னும் விரலைத் திறக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? அவருடைய முகத்தில் வைக்காததை இவளுடைய முகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறாயே!

ஆனாலும் மெதுவாகத்தான் கழுவினேன். உயிரோடிருப்பவருக்கு நோவது மையித்துக்கும் நோகும் என்பார்கள். வேலை வேறு, பகை வேறு. வலப்பக்கம் கழுவி, இடப்பக்கம் கழுவி, திருப்பியபோது முதுகில் படுக்கைப் புண்கள் தெரிந்தன. உள்ளங்கை அகலப் புண்கள். இந்த உடம்பில் இனி அடிப்பதற்கு ஓர் இடம் மிச்சமில்லை என்று பட்டது. அதற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

“சண்டாளி,” என்றேன் வாய்க்குள். “என்ட வீட்டக் குட்டிச்சுவராக்கிட்டு இங்க சிரிச்சிக்கிட்டுக் கிடக்கிறியா.”

றிஸ்லாவுக்குக் கேட்டுவிட்டது. அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“திட்டுங்க மாமி. நீங்க திட்டுவீங்க எண்டு உம்மா சொன்னா. திட்டித் திட்டிக் கழுவினாலும் அந்தக் கைதான் கழுவணும் எண்டு சொன்னா.”

“ஏனாம்?”

“‘மத்தவங்க எல்லாரும் என்ன நல்லவ எண்டு நினைச்சுத்தான் குளிப்பாட்டுவாங்க, அப்பிடி ஏமாத்திட்டுப் போக எனக்கு வெட்கமா இருக்கு, நான் ஆரெண்டு தெரிஞ்சது குல்சூம் தாத்தாக்குத்தான்’ எண்டு சொன்னா.”

கூந்தலைக் கழுவிப் பின்னத் தொடங்கினேன். மருந்தில் கொட்டியது போக மிச்சமிருந்தது கொஞ்சம்தான்.

“இன்னொண்டும் இருக்கு மாமி,” என்றாள் றிஸ்லா. குரல் தாழ்ந்துவிட்டது. “போன கிழமை ஃபாஹிம்ட உம்மா நோய் பாக்க வந்தா. உம்மா அவட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. அப்ரா தாத்தாட கத பொய், மோட்டார் சைக்கிள் ஓட்டினது அவட வாப்பா, தெரிஞ்சிக்கிட்டுத்தான் பொய் சொன்னன் எண்டு. நான் பக்கத்திலதான் இருந்தன்.”

என் கை நின்றுவிட்டது. “உன்ட காவின வச்சிக்கிட்டா? பைத்தியமா உங்கும்மாவுக்கு?”

“நானும் அதத்தான் கேட்டன். கத்தி அழுதன். ‘இதையும் தூக்கிக்கிட்டு என்னால போகேலா மகள்’ எண்டு மட்டும் சொன்னா.”

“அந்தப் பொம்புள என்ன சொன்னா?”

“ஒண்டும் சொல்லல்ல. எழும்பிப் போயிட்டா. அதுக்குப் பொறவு கோல் எடுத்தா பதிலில்ல. இண்டைக்குத்தான் வந்திருக்கா.”

எனக்கு இரக்கம் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வரவில்லை. உண்மையைச் சொல்ல இத்தனை வருஷம் எடுத்தாளே என்று கோபம்தான் வந்தது. அதுவும் பூட்டிய அறைக்குள், ஒரே ஒருத்தியிடம். அதைக் கேட்டிருக்க வேண்டிய மனுசன் மண்ணுக்குள் இருக்கிறார். கபன் துணியை ஒவ்வொன்றாக மடித்துச் சுற்றும்போதும் நான் அந்த வசனத்தையே நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தேன்: முகம் கறுத்திருந்துச்சு. முகம் கறுத்திருந்துச்சு. றிஸ்லா என்ன பாவம் செய்தாள் என்று கேட்பீர்கள். என் அப்ரா என்ன பாவம் செய்தாள்? அதை எந்த நாய் கேட்டது?

முகத்தை மூடிக் கட்டும்போது இன்னொரு முறை பார்த்தேன். அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தேன். பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். முகத்தைக் காட்டப்போவதில்லை என்ற செய்தி ஏற்கனவே பரவியிருந்தது, அதனால் ஆளுக்கு ஆள் குசுகுசுப்பு. “முகம் எப்படித் தாத்தா? சொல்லுங்களேன்,” என்று நாலு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். என் கண் சித்தி லெய்லாவைத் தேடியது. தேடவே தேவைப்படவில்லை, அவளே கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டாள். என் கையைப் பிடித்து அலுமாரிப் பக்கம் ஒதுக்கினாள். முக்காட்டை விரலால் விலக்கி, காதை என் வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

“குல்சூம், மறைக்காமச் சொல்லுங்க,” என்றாள் மெல்ல. “கறுத்துத்தானே இருந்துச்சு? இல்லாட்டி ஏன் மொகத்த மூடச் சொல்லியிருக்கா? நீங்க ஒரு சொல் சொன்னீங்கண்டாப் போதும். நாங்க காவின நிப்பாட்டிடுவம். பேர் வந்த எடத்தில நாங்க எப்பிடிப் பொண்ணெடுக்கிற?”

பேர் வந்த இடமாம்!

அந்தக் காதை அன்றுதான் அத்தனை கிட்டத்தில் பார்த்தேன். மூன்று கல்லு வைத்த தோடு. வெத்திலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மர்ளியா பொய் சொன்னாள், சரி. அந்தப் பொய் போய் உட்கார இடம் கொடுத்தது இந்தக் காதுதானே? மர்ளியாவாவது அழுதாள். வாசலுக்கு வந்தாள், நான் துரத்தினேன். பெற்ற மகளின் கலியாணமே போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டுச் செத்தாள். இவள்? உண்மை தெரிந்து ஒரு கிழமையாகிறது. இவளால் வாழ்வு கெட்ட பிள்ளை நாலடி தள்ளி யாஸீன் ஓதிக்கொண்டு நிற்கிறாள். ‘பிள்ள, எங்கள மன்னிச்சிக்க’ என்று ஒரு சொல் இவள் வாயில் வரவில்லை. பொய்க்காரியின் மகள் வேண்டாம் என்று வெளியே சொன்னால், எந்தப் பொய் என்று ஊர் கேட்கும், இவளுடைய வண்டவாளம் வெளியே வரும். அதனால் ஒரு கறுத்த முகம் தேவைப்படுகிறது. அதை வாங்கிப் போகத்தான் காதைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள், அதுவும் என்னிடம்!

சொல் என் நாக்கு நுனியில் நின்றது. நான் அதைச் சொன்னால் இவள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவாள். பன்னிரண்டு வருஷமாக நான் பொத்திப் பொத்தி வளர்த்த பழியை இவள் கைப்பையில் போட்டுக்கொண்டு போவாள். விடுவேனா?

அவளுடைய கையை உதறினேன். கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! மர்ளியாட மொகத்த நான் பாத்தன். நான் குளிப்பாட்டின எந்த மையித்திலயும் இப்பிடி ஒரு வெளிச்சத்த நான் காணல்ல. சிரிச்சிக்கிட்டுத்தான் போயிருக்கா. வல்லாஹி! எவளாவது வேற கத கதைச்சா என்ட வாயால நல்லா வாங்குவா.”

“மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்” என்று கூடத்தில் மூலைக்கு மூலை எழும்பியது. யாரோ சத்தமாக அழத் தொடங்கினார்கள். எல்லாரும் கையேந்தி மர்ளியாவுக்கு துஆக் கேட்கிறார்கள், என் சொல்லைக் கேட்டுவிட்டு! ஒவ்வொரு சொல்லும் பல்லைப் பிடுங்கின மாதிரி எனக்கு வலித்தது. ஆனால் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சித்தி லெய்லா நழுவப் பார்த்தாள். நான் அவளுடைய தோளைப் பிடித்து, அந்தக் காதிலேயே மெல்லச் சொன்னேன்.

“காவின் குறிச்ச நாளில நடக்கணும். நடக்காட்டி, போன கிழமை மர்ளியா உங்களிட்ட என்ன சொன்னா, நீங்க அதக் கேட்டிட்டு எப்பிடி வாய மூடிக்கிட்டு இருந்தீங்க எண்டு மதுரங்குளிச் சந்தியில நிண்டு சொல்லுவன். பேர் எப்பிடி வரும் எண்டு உங்களுக்கு நான் படிச்சுத் தரத் தேவையில்ல. இன்னொண்டு. அந்தா நிக்கிறா என்ட மகள். போய் அவட்ட மன்னிப்புக் கேளுங்க. இப்பவே.”

அன்று அந்த வீட்டில் கறுத்தது ஒரே ஒரு முகம்தான், அது சித்தி லெய்லாவுடையது. அவள் தள்ளாடி நடந்து போய் அப்ராவின் கையைப் பிடித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்ரா கிதாபை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவள் கொடுத்துவிடுவாள், எனக்குத் தெரியும். அவளுடைய வாப்பாவும் அப்படித்தான், கேட்பதற்கு முன்னமே கொடுத்துவிடுவார்.

அஸர் தொழுகைக்கு முன்னால் மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். தூக்கமுன் பாயிஸ் வாசலில் நின்று, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

“என்ட தாத்தா உங்களில ஆருக்காவது அநியாயம் செஞ்சிருந்தா, மனசு நோகக் கதைச்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க.”

“மன்னிச்சிட்டம், மன்னிச்சிட்டம்,” என்றார்கள் ஆண்கள். உள்ளே பெண்களும் சொன்னார்கள். அப்ராவும் சொன்னாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

றிஸ்லா என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சந்தூக்கு ஒழுங்கை முனையைத் தாண்டி, கலிமாச் சத்தமும் தேய்ந்த பிறகு, என் பக்கத்தில் வந்து நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

“மாமி, நீங்க சொல்லல்ல. நான் பாத்தன். உம்மாவ நீங்க மன்னிக்கல்லயா?”

“இல்ல,” என்றேன். தாயை இப்போதுதான் மண்ணுக்கு அனுப்பிய பிள்ளையிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அப்ப ஏன் மாமி அப்பிடிச் சொன்னீங்க? நீங்க வேற மாதிரிச் சொல்லியிருந்தா என்ட கதி என்ன எண்டு எனக்குத் தெரியும்.”

“கண்டதச் சொன்னன்.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதட்டினேன். “உன்ட உம்மாவ அல்லாஹ் மன்னிச்சிட்டான் மகள். நான் தருவன் தருவன் எண்டு அவன் பாத்துக்கிட்டு நிக்கல்ல. ஒரு சொல் என்னட்டக் கேக்கவுமில்ல. இனி உன்ட உம்மாவோட எனக்கு ஒரு வழக்குமில்ல. அவனோடதான்.”

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடியும்வரை நின்றேன். பிறகு அவளைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு, தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனேன்.